புயவலிமை தேடும் இளைஞரும் அறிந்திருக்க வேண்டிய உண்மைகளும்

மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே அமைந்துள்ள கிராமம் கட்டைபறிச்சான். வயலும் களப்பும் கடலும் அருகருகே அமைந்த இப்பிரதேசத்தில் உடலுழைப்பு என்பது எவருக்கும் புதிதன்று. மண்வெட்டி பிடித்தவர்களும் துடுப்பு வலித்தவர்களும் வலை இழுத்தவர்களுமே இங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். அவர்களுள் எவரும் தமது கைத்தசை எத்தனை அங்குலம் என்று அளந்து பார்த்ததில்லை. அவர்களது பேரப்பிள்ளைகளோ இன்று அளந்து பார்க்கின்றனர். கண்ணாடி முன் நின்று, முழங்கையை மடக்கி, புயத்தின் திரட்சியைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகின்றனர். 'ஆம்ஸ்' என்ற சொல் கட்டைபறிச்சானிலும் மூதூரிலும் தோப்பூரிலும் கிண்ணியாவிலும் ஒரே பொருளில் வழங்குகின்றது. இவ்விடயத்தில் தமிழ் இளைஞர், முஸ்லிம் இளைஞர் என்ற பேதம் சிறிதும் இல்லை.

இந்த ஆசையை வெறும் பகட்டு எனப் பெரியவர்கள் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. நாம் அவ்வாறு ஒதுக்கிவிடத் தயாரில்லை. யுத்த காலத்தில் இப்பிரதேசத்து இளைஞனின் உடலே அவனுக்கு எதிரான சாட்சியாக இருந்தது. சோதனைச் சாவடிகளில் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளையும் முழங்கையையும் முழங்காலையும் உற்றுப் பார்த்த காலத்தை அனுபவித்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றார்கள். காய்ப்பேறிய கையும் உரமேறிய தோளும் 'பயிற்சி பெற்றவன்' என்ற சந்தேகத்துக்குப் போதுமானவையாக இருந்தன. உழைத்துக் காய்த்த கையென்று சொன்னால் நம்புவோர் அரிது. பிள்ளை மெலிந்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிய தாய்மாரும் இருந்தனர்.

2006 ஆம் ஆண்டில் சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். சம்பூர் மக்களுக்கான முகாம்களுள் ஒன்று கட்டைபறிச்சானிலும் இருந்தது. 2015 ஆம் ஆண்டை அண்டியே அவர்களது காணிகள் விடுவிக்கப்படலாயின. முகாமின் நிவாரண அரிசியிலும் பருப்பிலும் வளர்ந்த பிள்ளைகளே இன்று வாலிபப் பருவத்தில் நிற்கின்றனர். தனது உடல் வலுவாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்று அவர்களுள் ஒருவன் அச்சமின்றி ஆசைப்படுவானாயின், அந்த ஆசையை நாம் வரவேற்கவே வேண்டும்.

ஆனால் ஆசை இருக்குமளவுக்கு அறிவு இருக்கின்றதா என்பதே கேள்வி. தவறான பயிற்சியால் தோளையும் முழங்கையையும் கெடுத்துக்கொள்வோர் ஒருபுறம். பொறுமையிழந்து ஊசியையும் மாத்திரையையும் நாடுவோர் மறுபுறம். திரண்ட புயம் எவ்வாறு அமைகின்றது, அதற்கு எந்தப் பயிற்சிகளைத் தெரிவு செய்ய வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தசையின் அமைப்பு

மேற்கையின் முன்புறத்தில் உள்ளது இருதலைத் தசை. பெயருக்கேற்ப இதற்கு இரண்டு தலைகள் உண்டு. வெளிப்புறமாக அமைந்த நீண்ட தலை, தோள் மூட்டின் உட்புற மேல்விளிம்பில் ஆரம்பிக்கின்றது. உட்புறமாக அமைந்த குறுந்தலை, தோட்பட்டை என்பின் முன்னோக்கிய முனையில் ஆரம்பிக்கின்றது. இரண்டும் கீழே ஒன்றிணைந்து, ஒரே தசைநாணாகி, முழங்கைக்குச் சற்றுக் கீழே ஆரை என்பில் பொருந்துகின்றன.

இந்த அமைப்பிலிருந்து மூன்று தொழில்கள் பிறக்கின்றன. முழங்கையை மடக்குவது முதலாவது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது இரண்டாவது. திருகாணியை வலக்கையால் முறுக்கும்போதும், தேங்காய் துருவும்போது மணிக்கட்டைத் திருப்பும்போதும் நடைபெறுவது இதுவே. கையை முன்னோக்கி உயர்த்துவதற்குத் துணை செய்வது மூன்றாவது. பயிற்சிகளுக்கிடையே உள்ள வேறுபாடுகள் யாவும் இம்மூன்று தொழில்களிலிருந்தே எழுகின்றன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இருதலைத் தசைக்கு அடியில் புயத்தசை என்ற மற்றொரு தசை மறைந்து கிடக்கின்றது. வெளியே தெரியாத இத்தசை தடிக்கும்போது, தனக்கு மேலுள்ள இருதலைத் தசையை உந்தி உயர்த்திக் காட்டுகின்றது. கையின் பின்புறத்தில் உள்ளது முத்தலைத் தசை. மேற்கையின் தசைப்பருமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதற்கே உரியது. ஆகவே, சட்டைக் கை நிறைந்து தோன்ற வேண்டும் என விரும்பும் இளைஞன் முன்புறத்தை மட்டும் நாளெல்லாம் மடக்கிக்கொண்டிருப்பது, வீட்டின் முன் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு பூசுவதை ஒத்தது.

இன்னோர் உண்மையையும் இங்கேயே கூறிவிடுதல் நன்று. தசையின் பருமனைப் பயிற்சியால் கூட்டலாம். அதன் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பிறப்பு. தசை எங்கே முடிந்து தசைநாண் எங்கே தொடங்குகின்றது என்பது பரம்பரை வழிவந்தது. உடற்பயிற்சி நிலையங்களில் வழக்கிலுள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படி வைத்துத் தசையை இறுக்குங்கள். முழங்கை மடிப்புக்கும் தசையின் முடிவுக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழையுமாயின் உங்கள் தசை நீளமானது. கை நிறைந்து தோன்றும், ஆனால் சிகரம் போன்ற மேடு குறைவாக இருக்கும். மூன்று விரல்கள் நுழையுமாயின் தசை குறுகியது. மடக்கும்போது மேடு உயர்ந்து தெரியும், ஆனால் நீட்டும்போது இடைவெளியும் தெரியும். ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்றில்லை. தனக்கு வாய்த்தது எது என்பதை அறியாமல், சுவரொட்டியில் கண்டவரின் கையைத் தன் கையில் தேடுபவன் ஏமாற்றமடைவது நிச்சயம்.

வலையிழுப்பவரின் கை

'கரைவலை இழுப்பவர் தினமும் எவ்வளவோ பாரத்தை இழுக்கின்றார். அவரது புயம் ஏன் பந்து போலத் திரளவில்லை?' என இளைஞர் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விடையை ஆராய்ந்தால் பயிற்சியின் தத்துவம் முழுவதும் புலப்படும்.

வலைக்கயிற்றைப் பிடிப்பவரின் உள்ளங்கை பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். அந்நிலையில் இருதலைத் தசை தன் முழு வலுவையும் காட்ட இயலாது. அடியிலுள்ள புயத்தசையும் முன்கைத் தசையுமே கூடுதலாக உழைக்கின்றன. முழங்கையும் அதிகம் மடங்குவதில்லை. கயிற்றைப் பற்றி நின்று, உடலைப் பின்சாய்த்து, கால்களாலும் முதுகாலுமே வலை இழுக்கப்படுகின்றது. அடுத்ததாக, சம்மாட்டியின் வலையின் பாரம் வாரத்துக்கு வாரம் திட்டமிட்டு ஏறுவதில்லை. பழகிய பாரத்துக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொண்டபின், மேலும் தசையை வளர்க்க அதற்குத் தேவை எழுவதில்லை. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றலே பெருகுகின்றது. இறுதியாக, உழைத்த உடலுக்கு ஏற்ற உணவும் ஓய்வும் அவருக்குக் கிட்டுவதில்லை. கடலில் மீன் படாத நாளில் அவர் வீட்டில் கறியும் இல்லை.

அவரது கை வலிமை குறைந்தது என்பது இதன் பொருளன்று. உடற்பயிற்சி நிலையத்தில் தசை வளர்த்த இளைஞன் ஒருவனை ஒரு நாள் கயிற்றைப் பிடிக்க விட்டால் உண்மை விளங்கிவிடும். உழைப்பு வேறு, தசைப்பெருக்கத்துக்கான பயிற்சி வேறு. பிந்தியதற்குக் குறிப்பிட்ட தசையை முழுமையாக நீட்டிச் சுருக்குதல், படிப்படியாகப் பாரத்தைக் கூட்டுதல், போதிய உணவு, போதிய ஓய்வு என்ற நான்கும் ஒருங்கே அமைய வேண்டும்.

பயிற்சிகளைத் தெரிவு செய்தல்

முழங்கையை மடக்கிப் பாரத்தைத் தூக்கும் பயிற்சியை ஆங்கிலத்தில் 'கேர்ல்' என்பர். அதில் எண்ணற்ற வகைகள் இருப்பதாகத் தோன்றினாலும், மேற்கை உடம்புக்கு எப்புறம் இருக்கின்றது, உள்ளங்கை எத்திசை நோக்குகின்றது என்ற இரு கேள்விகளுக்குள் அவை யாவும் அடங்கிவிடும்.

மேற்கை உடம்பை ஒட்டியிருக்க, நின்றவாறு, உள்ளங்கை மேல்நோக்க மடக்குவது அடிப்படைப் பயிற்சி. பார்பெல்லாலோ டம்பெல்லாலோ செய்யலாம். இரு தலைகளும் ஒருங்கே உழைக்கும். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுவதும் எளிது. புதியவர்கள் இதிலிருந்தே தொடங்குதல் வேண்டும். டம்பெல்லைக் கொண்டு செய்பவர்கள், உள்ளங்கை தொடையைப் பார்க்கும் நிலையில் தொடங்கி, தூக்கும்போது மெல்ல மேல்நோக்கித் திருப்பினால், தசையின் இரண்டாவது தொழிலும் சேர்ந்து நிறைவேறும்.

மேற்கை உடம்புக்குப் பின்னால் செல்லும்படி, சாய்ந்த வாங்கொன்றில் மல்லாந்து கையைத் தொங்கவிட்டுச் செய்வது 'இன்கிளைன் கேர்ல்'. தோள் மூட்டைக் கடந்து செல்லும் நீண்ட தலை இந்நிலையில் நன்கு நீட்டப்படுகின்றது. வெளிப்புற மேட்டை வளர்க்க விரும்புவோருக்கு இது உகந்தது. வழமையான பாரத்தைவிடக் குறைந்த பாரத்தையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். தோளின் முன்புறத்தில் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்தல் நலம்.

மேற்கை உடம்புக்கு முன்னால் ஊன்றியிருக்கச் செய்வது 'பிரீச்சர் கேர்ல்'. சரிவான பலகையொன்றில் கையை ஊன்றுவதால் உடலை ஆட்டி ஏமாற்ற இயலாது. கை நீண்டிருக்கும் கீழ்நிலையிலேயே பாரம் மிகுதியாக உறைக்கும். தசை நீண்ட நிலையில் பாரத்தைத் தாங்குவது வளர்ச்சிக்குக் கூடுதலாக உதவுகின்றது என்று அண்மைக் கால ஆய்வுகள் சில காட்டுகின்றன. ஆயினும் அதே கீழ்நிலையில் திடீரெனப் பாரத்தை விழவிட்டால் தசைநாண் அறுந்துபோகும் அபாயமும் உண்டு. எனவே மெதுவாக இறக்குவது இன்றியமையாதது.

அமர்ந்தவாறு முழங்கையைத் தொடையின் உட்புறத்தில் ஊன்றி ஒரு கையால் செய்வது 'கொன்சன்ட்ரேஷன் கேர்ல்'. அமெரிக்காவின் விஸ்கொன்சின் லா குரோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 ஆம் ஆண்டில் எட்டு வகைப் பயிற்சிகளின்போது இருதலைத் தசையில் எழும் மின்னியக்கத்தை அளந்து ஒப்பிட்டனர். அதில் முதலிடம் பெற்றது இப்பயிற்சியே. மின்னியக்கம் கூடுதலாக இருப்பதொன்றே கூடுதல் வளர்ச்சிக்கு உத்தரவாதமாகிவிடாது. எனினும், ஒரு கதிரையும் ஒரு பாரமும் இருந்தால் குடிசை வீட்டிலும் செய்யக்கூடிய பயிற்சி, விலையுயர்ந்த இயந்திரங்களுக்குச் சற்றும் சளைத்ததன்று என்பது எம்மவர்க்கு நல்ல செய்தியே.

உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, சுத்தியலைப் பிடிப்பது போலப் பாரத்தைப் பிடித்து மடக்குவது 'ஹமர் கேர்ல்'. அடியிலுள்ள புயத்தசையையும் முன்கையையும் வளர்ப்பது இது. புயம் பக்கவாட்டில் தடித்துத் தோன்ற இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை எனலாம்.

இவை யாவற்றுக்கும் மேலாக, உள்ளங்கை தன்னைப் பார்க்கும்படி கம்பியைப் பற்றித் தொங்கி, நாடி கம்பிக்கு மேல் வரும்வரை உடலை உயர்த்தும் 'சின் அப்' பயிற்சியைக் குறிப்பிட வேண்டும். இதற்குச் செலவேதும் இல்லை. உறுதியான வேப்பங்கிளையொன்று போதும். சொந்த உடம்பின் பாரமே எதிர்ப்பாக அமைவதால், புயத்தோடு முதுகும் வளர்கின்றது. ஒரு தடவைகூட உயர இயலாதவர்கள், மேடையொன்றில் ஏறிக் கம்பியைப் பற்றி, மேலிருந்து ஐந்து வினாடி எடுத்து மெதுவாக இறங்கப் பழகினால், சில வாரங்களில் உயரும் வலுவும் வந்துவிடும்.

முத்தலைத் தசையை மறந்துவிடலாகாது. எம் முன்னோர் செய்த தண்டாலே அதற்கான சிறந்த பயிற்சி. கைகளைச் சற்று நெருக்கி ஊன்றினால் பின்புறத் தசை கூடுதலாக உழைக்கும். இரு உறுதியான கதிரைகளுக்கிடையே உடலை இறக்கி ஏற்றுவதும், பாரத்தைத் தலைக்குப் பின்னால் இறக்கி உயர்த்துவதும் இதற்குத் துணையானவை.

ஒரே நாளில் இவை அனைத்தையும் செய்ய முற்படுவது அறியாமை. அடிப்படை மடக்குப் பயிற்சி ஒன்று, கையைப் பின்னாலோ முன்னாலோ வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று, ஹமர் கேர்ல், முத்தலைத் தசைக்கு இரண்டு என ஐந்தைத் தெரிவு செய்தால் தாராளமாகப் போதும். மூன்று மாதங்களின் பின் வேண்டுமாயின் மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு, எத்தனை தடவை?

வாரத்துக்கு இரு நாட்கள், இடையே குறைந்தது 48 மணித்தியால ஓய்வு. ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 15 தடவை வரை செய்து சற்று ஓய்ந்து, அவ்வாறு இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் செய்தல் வேண்டும். புதியவர்களுக்கு இருதலைத் தசைக்கென வாரத்துக்கு 4 முதல் 6 சுற்றுகளே போதுமானவை. பழகியபின் 10 அல்லது அதற்குச் சற்று மேல் வரை உயர்த்தலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'இன்னும் ஒன்றோ இரண்டோதான் செய்ய முடியும்' என்ற நிலையை எட்ட வேண்டும். அந்நிலையை எட்டுமாயின், பாரம் குறைவாக இருந்தாலும் தசை வளரும் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. கனத்த இரும்பு இல்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

ஐந்து லீற்றர் நீர் நிறைந்த கலன் ஏறத்தாழ 5 கிலோகிராம். மணல் நிரப்பினால் இன்னும் கூடும். இரு பால்மாத் தகரங்களில் சீமெந்துக் கலவையை ஊற்றி, நடுவே இரும்புக் குழாயைப் பொருத்தி வாலிபர் செய்துகொள்ளும் பாரமும் தன் பணியைச் செவ்வனே செய்யும். பிடி வழுக்காதா, இரு பக்கப் பாரமும் சமமா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்று 10 தடவை தூக்கிய பாரத்தை அடுத்த வாரம் 11 தடவை தூக்க முயல வேண்டும். 15 தடவையை எட்டியதும் சிறிது பாரம் கூட்ட வேண்டும். ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வருவது சிறந்த பழக்கம். இடுப்பை ஆட்டித் தூக்குவதும், பாதி தூரம் மட்டும் மடக்குவதும், தூக்கியதைத் தொப்பென விடுவதும் கண்ணுக்குப் பெருமை, தசைக்கு நட்டம். இரு வினாடியில் உயர்த்தி, மூன்று வினாடியில் இறக்குவதே முறை. ஒழுங்காகப் பயில்பவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பதினைந்து நாளில் பெருக்கித் தருவதாகக் கூறுபவர் எவராயினும் அவர் வியாபாரி என்று அறிக.

பாரம் தூக்கினால் பிள்ளையின் உயரம் குன்றிவிடும் எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். முறையான மேற்பார்வையில், அளவான பாரத்தோடு பயிலும் பிள்ளைக்கு அத்தகைய பாதிப்பில்லை. பெண்பிள்ளைகளுக்கும் இப்பயிற்சி நன்மையே தரும். ஆண்களைப் போன்ற பருமன் இயல்பாக அவர்களுக்கு வந்துவிடுவதில்லை, என்புகள் வலுப்பெறுகின்றன.

எமது வெப்பத்தில் ஒன்றைக் கவனித்தல் அவசியம். புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே அளவுமீறிச் செய்து, கை வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம் போன்ற நிறத்தில் வெளியேறுமாயின், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியுள்ளது என்று பொருள். ஒரு நிமிடமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தூக்கும்போது 'டப்' என்ற ஓசையோடு வலி எழுந்து, தசை ஒருபுறமாகச் சுருண்டு திரண்டால் அது தசைநாண் அறுந்ததன் அறிகுறி. புகைபிடிப்பவருக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதும் கவனத்துக்குரியது.

உணவும் நோன்பும்

தசை வளர விரும்புபவருக்கு நாளொன்றுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 1.6 கிராம் அளவு புரதம் போதுமானது என்பது இன்றைய அறிவு. 60 கிலோகிராம் நிறையுள்ள இளைஞனுக்கு அது 96 கிராம். பெரிய டின்னில் அடைத்த மா வாங்கினால்தான் இது கிட்டும் என எண்ண வேண்டாம். மூன்று முட்டையில் 18 கிராம், 150 கிராம் மீனில் 30, 75 கிராம் பருப்பில் 18, ஒரு கோப்பை அவித்த கடலையில் 13, ஒரு சிறு சட்டித் தயிரில் 8, நாள் முழுவதும் உண்ணும் சோற்றில் 20 எனக் கணக்கிட்டால் தேவை நிறைவேறிவிடுகின்றது. குடாக்கடலின் சாளையும் கீரியும், இப்பிரதேசத்தின் எருமைத் தயிரும் எந்த இறக்குமதி மாவுக்கும் குறைந்தவையல்ல.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி ஏழை வீட்டுத் தட்டிலிருந்து முட்டையையும் மீனையும் எவ்வாறு அகற்றியது என்பதை நாம் அறிவோம். அத்தகைய வீட்டில், ஒரு பிள்ளையின் புயத்துக்காகத் தம்பி தங்கையின் பங்கு குறைந்துவிடலாகாது. கடலை, பயறு, கௌபி, சோயா ஆகியன மலிவானவை. அவற்றைக் கூட்டிக்கொள்வதே நியாயமானது.

இறக்குமதியாகும் ஊட்டப்பொருள்களுள் கிரியேட்டின் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் அளவில் ஓரளவு பயனளிப்பது நிறுவப்பட்டுள்ளது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வைத்திய ஆலோசனையின்றி அதனையோ மிகையான புரதத்தையோ உட்கொள்ளலாகாது. வடமத்திய மாகாணத்தைப் பீடித்த, காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோய், எமது மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரப் பகுதியிலும் காணப்பட்டுள்ளது. ஆகவே முன்கூட்டிய பரிசோதனை வீண்செலவன்று. குளிசைகளின் உறை ஜெலட்டினால் ஆனதா, அது எதிலிருந்து பெறப்பட்டது என்பதை முஸ்லிம் வாசகர்கள் பார்த்து வாங்குவது நல்லது.

ரமழான் மாதத்தில் பயிற்சியை முற்றாக நிறுத்த வேண்டியதில்லை. சுற்றுகளை மூன்றிலொரு பங்காகக் குறைத்து, பாரத்தைக் குறைக்காது செய்தால், பெற்ற தசை பெரும்பாலும் நிலைத்திருக்கும். இப்தாருக்குப் பின் சிறிது உணவும் நீரும் உட்கொண்டு, இரவு வேளையில் பயில்வதே உகந்தது. ஸஹர் உணவில் முட்டையும் தயிரும் கடலையும் இடம்பெறட்டும். கந்தசஷ்டி போன்ற விரதங்களை அனுட்டிக்கும் இந்துக்களுக்கும் இதுவே பொருந்தும். வெறும் வயிற்றோடு உச்சி வெயிலில் பாரம் தூக்குவது பக்தியும் அன்று, பயிற்சியும் அன்று.

குறுக்கு வழியின் விலை

இங்குதான் இவ்விடயத்தின் ஆபத்தான பகுதி ஆரம்பிக்கின்றது. ஆண் ஹோர்மோனை ஒத்த ஸ்டீரொய்ட் மருந்துகள் தசையை விரைவாகப் பெருக்குவது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து ஹோர்மோன் வருவதைக் கண்ட உடல், தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கின்றது. விதைகள் சுருங்கும், விந்தணுக்கள் குறையும், ஆணுக்கு மார்பு பருக்கும். இதயத் தசை தடித்து, கொழுப்பின் சமநிலை குலைந்து, இளவயதிலேயே மாரடைப்பு நேரலாம். மாத்திரை வடிவிலானவை ஈரலைத் தாக்கும். தசை வளரும் வேகத்துக்குத் தசைநாண் வளர்வதில்லையாதலால் அது அறுந்துபோகின்றது. ஆண்மையின் அடையாளமாகப் புயத்தைத் தேடியவன் தந்தையாகும் வாய்ப்பையே இழந்து நிற்பது எத்துணை பெரிய அவலம்!

இதனிலும் கொடியது எண்ணெய் ஊசி. 'சிந்தோல்' எனப்படும் எண்ணெய்க் கலவையைப் புயத்தினுள் செலுத்தினால் கை வீங்கித் தோன்றும். அது தசையன்று, வலிமையும் அன்று. உள்ளே தங்கிய எண்ணெய் கட்டிபட்டு, சீழ் பிடித்து, தசையையே சிதைத்துவிடும். குருதிக் குழாயினுள் சென்றால் உயிருக்கே ஆபத்து. பிரேசில் நாட்டில் பல்லாண்டுகளாக இவ்வாறு எண்ணெய் ஏற்றிப் பெயர் பெற்ற வல்டிர் செகாட்டோ என்பவர், 2022 ஆம் ஆண்டில் தனது 55 ஆவது பிறந்த நாளன்றே உயிரிழந்தார். ஒரே ஊசியை நண்பர்கள் பகிர்ந்துகொள்வதால் ஈரல் அழற்சியும் எச்.ஐ.வி. தொற்றும் பரவக்கூடும்.

ஊக்கமருந்துக்கு எதிராக இலங்கையில் 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. எனினும், தன் வீட்டுப் பிள்ளை என்ன ஊசி ஏற்றிக்கொள்கின்றான் என்பதைச் சட்டத்துக்கு முன்னரே அறியக்கூடியவர்கள் பெற்றோரும் பயிற்றுநர்களுமே. முகத்தில் திடீர்ப் பருக்கள், காரணமற்ற சினம், சில வாரங்களில் பத்துக் கிலோகிராம் நிறை ஏறுதல் ஆகியவற்றைக் கண்டால், அதட்டாமல் அமர்த்திப் பேசுங்கள். வெட்கத்தினால் வைத்தியரிடம் செல்லாதிருப்பதே பல இளைஞரின் நிலையை மோசமாக்குகின்றது.

முன்னோர் காட்டிய வழி

உடலை வளர்ப்பது மேலைநாட்டு மோகம் என்று கூறுவோருக்கும் ஒரு வார்த்தை. கர்லாக்கட்டை, தண்டால், சிலம்பம் என்பன தமிழர் மரபு. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் சீனடி பயின்ற அண்ணாவிமாரை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். ஐரோப்பாவில் நவீன உடற்கட்டுக் கலையைப் பரப்பிய யூஜின் சாண்டோ, 1901 ஆம் ஆண்டில் இலண்டனில் பெரும் உடற்கட்டுப் போட்டியொன்றை நடத்தினார். பின்னர் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அவரது பெயரே தமிழில் பலசாலிகளுக்குப் பட்டமாயிற்று. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை அறியாத தமிழர் எவர்?

1952 ஆம் ஆண்டில் உலகளாவிய உடற்கட்டழகர் போட்டியில் தனது பிரிவில் வெற்றி பெற்ற வங்காளத்தவரான மனோகர் ஐச், ஐந்தடிக்கும் குறைந்த உயரமுடையவர். பிரித்தானிய ஆட்சியில் சிறையிலிருந்தபோது, கருவியேதுமின்றியே நாள்தோறும் பல மணி நேரம் பயின்றார். 2016 ஆம் ஆண்டில் 104 வயதில் அவர் மறைந்தார். கருவி இல்லை, உயரம் இல்லை, வசதி இல்லை என்ற குறைகளுக்கு அவரது வாழ்வே விடை. ஊசியை நாடி 55 இல் முடிந்த வாழ்வையும், உழைப்பால் 104 ஐக் கண்ட வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இளைஞர்களின் பொறுப்பு.

உடம்பைக் கோயிலாகக் கருதுவது சைவ மரபு. அதனை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகக் கருதுவது இஸ்லாமிய மரபு. இரண்டும் கூறுவது ஒன்றே: இது எமக்குரியது மட்டுமன்று, பழுதின்றிப் பேணப்பட வேண்டியது. திரண்ட புயம் ஒரு தாயின் நீர்க்குடத்தைச் சுமக்கவும், பாட்டனின் மண்வெட்டியை வாங்கிக்கொள்ளவும், வெள்ளம் வந்த நாளில் அயலூரவனைக் கைகொடுத்துத் தூக்கவும் பயன்படுமாயின் அதனிலும் அழகு வேறில்லை.

மெலிந்திருந்தால்தான் பிழைக்கலாம் என்றிருந்த ஊரில், இன்று ஒரு வாலிபன் தன் கையை மடக்கிப் பார்த்து மகிழ்கின்றான். அந்த மகிழ்ச்சி நிலைக்க வேண்டும். அதற்கு அவனுக்குத் தேவையானது ஊசியன்று. ஒரு வேப்பங்கிளையும், இரு தகரப் பாரமும், அளவான உணவும், நல்லுறக்கமும், மூன்று மாதப் பொறுமையுமே.